யாழ்ப்பாணச் சந்தையில் எதைச் சாப்பிடுவது, எதை வீட்டுக்குக் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வருகிறவர்களும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிறவர்களும், சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் வந்து இறங்குகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விலை எதுவும் எழுதவில்லை. விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பொருளைப் பார்த்து வாங்கத் தெரிந்தால் விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் குறைவு. மூன்று பொருள்தான் வாங்கலாம் என்றால் எவை?

பனங்கட்டி, ஒடியல் மா, வறுத்து அரைத்த கறித்தூள்.

முதல் இரண்டும் பனையிலிருந்து வருபவை. ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் பனைப் பொருட்களைத்தான் முன்னால் வைத்திருக்கிறேன். முறுக்கு, மிக்சர், கச்சான் (வேர்க்கடலை) அல்வா எல்லாம் கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் வாங்கலாம். நல்ல ஒடியலை இந்த மண்ணுக்கு வந்துதான் வாங்கவேண்டும்.

எந்தச் சந்தைக்குப் போவது?

நகரத்துக்குள் என்றால் பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தைக் கடைகள். பனங்கட்டி, ஒடியல், கருவாடு, ஊறுகாய், வடகம், பனையோலைப் பெட்டி எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். மரக்கறியும் பழமும் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இருக்கும் திருநெல்வேலிச் சந்தை. தென்மராட்சி மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் வேண்டுமென்றால் கொடிகாமம், சாவகச்சேரி. வலிகாமத்து வெங்காயம், கிழங்கு வகைகளுக்குச் சுன்னாகம்.

எல்லாவற்றுக்கும் காலையில் போங்கள். மத்தியான வெயிலில் சந்தை ஓய்ந்துவிடும், நல்லதும் விற்று முடிந்துவிடும்.

பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களும் உண்டு. 1978இல் தொடங்கிய அரச சபை இது. சந்தைக் கடையில் பேசி வாங்கத் தயக்கமாக இருந்தால் அங்கே பைக்கற்றில் அடைத்ததை வாங்கலாம். ஆனால் கையில் எடுத்து, முறித்து, மணந்து பார்க்கிற வசதி சந்தையில்தான்.

பனங்கட்டி நல்லதா, சீனி கலந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ்நாட்டில் கருப்பட்டி என்று சொல்வதுதான் இது. முதலில் அது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் சோதிப்பது சுலபம். பனம்பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டிவிடுவார்கள். சுண்ணாம்பு இருப்பதால் இறங்குகிற நீர் புளித்துக் கள்ளாகாது. கருப்பநீராக, இனிப்பாகவே இருக்கும். அதை இறக்கி வடித்து, மணிக்கணக்கில் காய்ச்சி, பாகு பதத்துக்கு வந்ததும் பனையோலையில் இழைத்த சின்னக் குட்டான்களில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். குட்டானோடு விற்பதுதான் இந்த ஊர் வழக்கம்.

அப்படியானால் நல்ல பனங்கட்டியில் என்ன இருக்கவேண்டும்? கரும்பழுப்பு நிறம். அடுப்பின் புகை மணம். நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்புக்கரிப்பு. மழைக்காலத்தில் சற்று இளகி, குட்டானின் ஓலையில் ஒட்டிக்கொள்ளும். நிறம் வெளிறி, வெறும் இனிப்பாக, கண்ணாடி போல உடைந்தால் சீனி நிறையச் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு தரச் சொல்லிக் கேட்டால் எந்த வியாபாரியும் தருவார். தராத கடையில் வாங்கவேண்டாம்.

மாசி, பங்குனிக்குப் பிறகு பாளை சீவத் தொடங்குவார்கள். சித்திரை முதல் ஆடி வரை புதுப் பனங்கட்டி வரும். வருடக் கடைசியில் வாங்குவது கையிருப்புச் சரக்கு. கெட்டதல்ல, ஆனால் மணம் குறைந்திருக்கும்.

விலை அதிகம் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு நாளில் இரண்டு தரம் மரம் ஏறி இறங்குகிற உழைப்பு அது. விழுந்தால் உயிர் போகும். மரம் ஏறுகிறவர்களின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகள் திரும்ப வளர்ந்து பலன் தரப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். பனங்கட்டி மலிவாகக் கிடைத்தால்தான் யோசிக்கவேண்டும்.

பனங்கற்கண்டு?

அதுவும் கருப்பநீரில் இருந்துதான். கல்லாக்காரம் என்றும் சொல்வார்கள். தொண்டைக்கும் இருமலுக்கும் பாலில் போட்டுக் குடிக்க வயதானவர்கள் விரும்பி வாங்குவார்கள். பெரிய, ஒழுங்கில்லாத, மஞ்சள் கலந்த பழுப்புக் கட்டிகளாக இருப்பதை எடுங்கள். பாரமில்லாத பரிசு.

ஒடியல், புழுக்கொடியல் இரண்டும் ஒன்றா?

இல்லை. மாற்றி வாங்கிக்கொண்டு போய் வருத்தப்படுகிறவர்கள் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழுகிறது. பழத்தின் சதையைப் பிசைந்து எடுத்த பிறகு கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடுவார்கள். மாரி மழையில் முளைத்து நிலத்துக்குள் கிழங்கு இறங்கும். மார்கழி, தையில் பாத்தியைக் கிண்டி எடுப்பார்கள். அந்தப் பச்சைக் கிழங்கைத் தோல் உரித்து, இரண்டாகக் கிழித்து, வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதே கிழங்கை அவித்து, பிறகு கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்.

ஒடியல் மாவாக இடித்து அல்லது அரைத்துக் கூழுக்கும் பிட்டுக்கும். அப்படியே கடித்துத் தின்பதற்கல்ல. புழுக்கொடியல் கடித்துத் தின்பதற்கே. பல் பலமாக இருந்தால் தேங்காய்ச் சொட்டோடும் பனங்கட்டியோடும் சாப்பிடலாம். பல் இல்லாதவர்களுக்கு அதையும் மாவாக்கி, தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்துக் குழைத்துத் தருவார்கள். என் பார்வையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய மாலைத் தீன்களில் இதற்கு மேல் ஒன்றில்லை.

வாங்கும்போது ஒன்றை முறித்துப் பாருங்கள். ‘டக்’ என்று சத்தத்தோடு முறியவேண்டும். வளைந்தால் சரியாகக் காயவில்லை, பூஞ்சணம் பிடிக்கும். சின்ன ஓட்டைகளும் பையின் அடியில் மாத்தூளும் இருந்தால் வண்டு விழுந்துவிட்டது. “அம்மா, இது இந்த வருசத்து ஒடியலோ?” என்று கேளுங்கள். “ஓம் பிள்ளை, தை மாசம் காயவிட்டது” என்று பதில் வந்தால் மகிழ்ச்சியாக வாங்கலாம். பங்குனி, சித்திரையில் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஒடியல் மாவில் பிட்டு அவித்தோம், கசந்தது. என்ன பிழை?

மாவைத் தண்ணீரில் ஊறவிடாததுதான். ஒடியலுக்கு இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து வைத்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, இப்படி இரண்டு மூன்று தடவை செய்து, துணியில் கட்டிப் பிழிந்து எடுக்கவேண்டும். நேரம் போகிற வேலைதான். ஆனால் சுவைக்காக மட்டும் செய்வதல்ல இது. ஊறவைத்துக் கழுவாத ஒடியல் மா வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. இந்தப் படியைத் தாண்டவேண்டாம்.

பிழிந்த மாவை உதிர்த்து, தேங்காய்ப்பூ சேர்த்து அவித்தால் பிட்டு. சிலர் கீரை, நெத்தலி, இறால், வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் கலந்து அவிப்பார்கள். அதுவே முழுச் சாப்பாடு, தனியாகக் கறி வேண்டாம்.

கூழ் காய்ச்ச என்னென்ன வாங்கவேண்டும்?

இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது ஒடியல் மா மட்டும். ஐந்தாறு பேருக்குக் கால் கிலோ போதும். மற்றவை நீங்கள் இருக்கும் ஊரிலேயே கிடைக்கும்: நண்டு, இறால், மீன்தலை, சின்ன மீன், மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, கொஞ்சம் அரிசி, பழப்புளி, செத்தல் மிளகாய், உள்ளி (பூண்டு). செத்தல் மிளகாயை மிளகு, மஞ்சள், உள்ளியோடு அரைத்துப் போடவேண்டும். கிழங்கும் காயும் வெந்து மீனும் சேர்ந்த பிறகு, கடைசியில் கரைத்த ஒடியல் மாவும் புளியும். மா விட்டதும் அடிப்பிடிக்கும், கையெடுக்காமல் துழாவுங்கள்.

பலா இலையைக் கோலிக் குடிப்பது வழக்கம். இலை இல்லாத ஊரில் கோப்பையில் குடிக்கலாம், தவறில்லை. ஆனால் தனியாகக் குடிக்கிற சாமான் அல்ல இது. ஆட்களைக் கூப்பிடுங்கள்.

முதலில் சுவை பார்த்துவிட்டு மா வாங்கலாம் என்று நினைத்தால், திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் ‘அம்மாச்சி’ உணவகத்துக்குப் போங்கள். பெண்கள் நடத்துகிற இடம். கண்ணுக்கு முன்னாலேயே சமைப்பார்கள். குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை, தோசை என்று ஊர்ச் சாப்பாடு. கூழ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பனாட்டு என்பது என்ன? பார்க்கத் தோல் மாதிரி இருக்கிறதே?

பனம்பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் பரப்பி, வெயிலில் காயவிட்டு, மேலே மறுபடி மறுபடி பூசி, தடித்த தட்டாக உரித்து எடுப்பது. பினாட்டு என்றும் சொல்வார்கள். புதியது செம்மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். இனிப்பும் லேசான கைப்பும் கலந்த சுவை. முதல் வாயில் பிடிக்காமல் போகலாம். தேங்காய்ச் சொட்டோடு சின்னத் துண்டாக வாயில் வைத்து மெதுவாக ஊறவிட்டுப் பாருங்கள். பனம்பாணியில் ஊறவைத்த பாணிப்பனாட்டும் உண்டு. கண்டால் விடவேண்டாம், எப்போதும் கிடைப்பதில்லை.

மணல் கடிபடுகிறதா என்று வாங்கும் இடத்திலேயே கடித்துப் பாருங்கள். வெளியில் காயவைப்பதால் சில இடங்களில் மண் ஒட்டிவிடும்.

பனங்காய்ப் பணியாரத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா?

அன்று சுட்டது என்றால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் நம்பவேண்டாம். பனம்பழக் காலத்தில் வந்தால் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கறித்தூள் எங்கே வாங்குவது? பைக்கற்றில் வருவதும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்து ஒன்றாக அரைக்கிறார்கள். மிளகாயும் மல்லியும் எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். பல வீடுகளில் ஏறத்தாழச் சம அளவு. பெருஞ்சீரகம் தூக்கலாக இருக்கும், அந்த மணம்தான் இந்த ஊர்க் கறியை அடையாளம் காட்டும். நண்டு, கணவாய், ஆட்டிறைச்சி, பலாக்காய், கத்தரிக்காய்க் குழம்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தூள்தான். தனி மிளகாய்த்தூள், தனி மல்லித்தூள் என்று இங்கே அடுக்கிவைப்பது குறைவு.

பைக்கற் தூள் மாதக்கணக்கில் கடைத் தட்டில் இருந்திருக்கும். அரைக்கிற மில்லில் வாங்குவதுதான் என் சிபாரிசு. சந்தையைச் சுற்றியும் ஊர்ச் சந்திகளிலும் மில்கள் இருக்கின்றன. பலர் தாங்களே வறுத்துக்கொண்டுபோய் அங்கே அரைப்பிப்பார்கள். மில்லிலேயே வறுத்து அரைத்து விற்பதும் உண்டு. “இண்டைக்கு அரைச்சதோ? வறுத்த தூளோ?” என்று இரண்டும் கேளுங்கள். தூள் கபிலம் கலந்த சிவப்பாக இருக்கவேண்டும். கண்ணைப் பறிக்கும் செந்நிறம் என்றால் வறுபடவில்லை, அல்லது நிறம் சேர்ந்திருக்கிறது.

அரைத்தவுடன் சூடாக இருக்கும். சூட்டோடு பொலித்தீனில் கட்டினால் வியர்த்துக் கட்டிபடும். கடதாசியில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு கட்டச் சொல்லுங்கள். கிலோக் கணக்கில் வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு போத்தல் அளவை வெளியில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்தால் ஆறு மாதம் மணம் போகாது.

சரக்குத்தூள் என்று ஒன்று சொல்கிறார்களே?

பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பத்தியக் கறி வைக்கிற தூள். மிளகாய் இல்லை. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு) போன்றவை சேரும். உள்ளி நிறையப் போட்டு, சின்ன மீனில் அல்லது முருங்கைப் பிஞ்சில் வைப்பார்கள். வெளிநாட்டில் மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால் அம்மாமார் முதலில் கட்டுகிற பொதி இதுதான். தடிமன் (சளி), காய்ச்சல் நேரத்தில் யாருக்கும் நல்லது.

பருத்தித்துறை வடை பயணத்தில் உடையாதா?

உடையும். ஆனாலும் வாங்குங்கள். உழுத்தம்பருப்பு, கோதுமை மா, இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்து மெல்லிசாகத் தட்டி மொறுமொறுப்பாகப் பொரிப்பதால் தட்டை வடை என்ற பெயரும் உண்டு. ஈரம் இல்லாததால் காற்றுப் புகாத தகரத்தில் பத்து நாளாவது இருக்கும். பைக்கற்றைத் திறந்து எண்ணெய் மணக்கிறதா என்று பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் பழையது.

கருவாடு கொண்டுபோகலாமா?

உள்நாட்டில் தாராளமாக. சீலா, பாரை, கட்டா, திருக்கை, நெத்தலி என்று வகை நிறைய. தொட்டால் விறைப்பாக இருக்கவேண்டும், ஈரம் கசியக்கூடாது. இரண்டு கடதாசிச் சுற்று, அதற்கு மேல் இரண்டு பொலித்தீன் சுற்று, பிறகு மூடியுள்ள பெட்டி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரையும் நினைக்கவேண்டும். வெளிநாட்டு விதிகளைக் கீழே சொல்கிறேன்.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எப்போது வரும்?

வைகாசி, ஆனி, ஆடி. பழுத்தாலும் தோலில் பச்சை போகாது. நிறத்தைப் பார்க்காமல் காம்படியில் மணந்து பாருங்கள். அம்பலவி, செம்பாட்டான், விலாட்டு, வெள்ளைக்கொழும்பான் எல்லாம் பக்கத்திலேயே குவிந்திருக்கும். கறுத்தக்கொழும்பானுக்கு அடுத்தபடி நான் கைவைப்பது அம்பலவியில். கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் முற்றிய காயாக வாங்கி, கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குங்கள்.

குடிக்கிற பொருள் எதையாவது?

நெல்லிரசம். நெல்லிக்காய்ச் சாற்றைச் சீனியோடு கெட்டியாகப் போத்தலில் அடைத்தது. தண்ணீர் கலந்து குடிக்கவேண்டும். தோலகட்டியில் செபமாலைத் துறவிகளின் ஆச்சிரமம் செய்கிற நெல்லிரசமும் திராட்சை ரசமும் இங்கே பேர்போனவை. கண்ணாடிப் போத்தலாக இருந்தால் உடுப்புக்கு நடுவில் வையுங்கள்.

வடகம், மோர்மிளகாய், அரிசி, நல்லெண்ணெய்?

வேப்பம்பூ வடகம் கட்டாயம். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்போது பூவைச் சேர்த்து, உழுந்தோடு உருட்டிக் காயவைப்பார்கள். பொரித்துச் சோற்றோடு கடித்தால் கைப்பும் மொறுமொறுப்பும் சேர்ந்து வரும். மோர்மிளகாய், பாவற்காய் வற்றல் ஆகியவை பாரமில்லை, பல மாதம் இருக்கும்.

அரிசியில் மொட்டைக்கறுப்பன் தேடுங்கள். சிவப்பரிசி. கஞ்சிக்கும் பிட்டு மாவுக்கும் அதன் மணமே தனி. எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டால் யாரிடம் இருக்கிறது என்று கைகாட்டுவார்கள்.

நல்லெண்ணெயைச் செக்கில் ஆட்டுகிற இடத்தில் வாங்குங்கள். மூடியை நாடாவால் சுற்றி ஒட்டவேண்டும். கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள்.

விமான நிலையத்தில் எதைப் பறிப்பார்கள்?

நாட்டுக்கு நாடு வேறு. விதிகள் மாறுகிறபடியால் புறப்படுமுன் அந்தந்த நாட்டு அரச இணையத்தளத்தில் பாருங்கள். பொதுவாக இவ்வளவு சொல்லலாம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரித்தானியாவும் இலங்கையிலிருந்து இறைச்சி, பால் சேர்ந்த பொருட்களைப் பயணிகள் கொண்டுவர விடுவதில்லை. மீன், கருவாடு சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். பச்சைப் பழம், மரக்கறி, இலை பெரும்பாலானவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஒன்றியத்தில் வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் விலக்கு உண்டு. மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் அந்த விலக்கில் இல்லை, அவற்றை வைத்துவிட்டுப் போங்கள்.

அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் உணவு எதுவென்றாலும் படிவத்தில் எழுதிக் காட்டவேண்டும். காட்டினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் தண்டம். அரிசி, முழுத் தானியம் என்றால் வண்டுப் பயத்தால் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கெடுபிடி அதிகம்.

கறித்தூளைக் கைப்பையில் வைக்கவேண்டாம். 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூளை அமெரிக்கா, அவுஸ்திரேலியா போகும் விமானங்களில் தனியாகச் சோதிப்பார்கள்.

பேரம் பேசலாமா?

மரக்கறிக்கும் பழத்துக்கும் கொஞ்சம் பேசலாம். பனங்கட்டிக்கும் ஒடியலுக்கும் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் மேலே சொல்லியாயிற்று. அம்மா, அக்கா, ஐயா, தம்பி என்று கூப்பிட்டுக் கதைத்தால் நல்லதை உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் ஊர் நிறைந்த சனம், விலையும் ஏறும். அந்த நேரம் கோவில் வீதியில் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு நடந்து திரியுங்கள், பெரிய கொள்வனவைத் திருவிழா முடிந்த பிறகு வையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எப்படி வைப்பது?

பனங்கட்டியைக் குட்டானோடு கடதாசியில் சுற்றி மூடியுள்ள தகரத்தில் வையுங்கள். இளகினால் கெட்டுப்போகவில்லை, பாணியாக உருக்கி வடித்துப் பாவிக்கலாம். ஒடியலையும் புழுக்கொடியலையும் இடைக்கிடை வெயில் காட்டுங்கள். வெயில் இல்லாத நாட்டில் மாவாகவே வாங்கிப்போய்க் குளிர்ப்பெட்டியில் வைப்பது நல்லது. பனாட்டை ஓலைப் பெட்டியில் அல்லது எண்ணெய்க் கடதாசியில். வடகம், வற்றலுக்குக் காற்றுப் புகாத போத்தல், அடியில் இரண்டு செத்தல் மிளகாய் போட்டுவைத்தால் பூச்சி அண்டாது. கருவாட்டை உறைநிலையில்.